அண்ணனுக்காகச் சின்னதாக்கிய கல்யாணப் படங்கள்

மவுஸ் முழுக்க மஞ்சள்...

புதுத் தாலிக்கயிற்றை நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்த விரல். அதே விரலால் மவுஸையும் பிடித்தால் வேறென்ன ஆகும்? கையில் மருதாணி, கழுத்தில் மஞ்சள் வாசனை, எதிரே பழைய குண்டு மானிட்டர்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம், கல்யாணத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டர் அது. மறுவீட்டுக்கு வந்த மறுநாளே அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கிளம்பும்போது அம்மா வாசலை மறித்தார்.

"புதுப்பொண்ணு பஸ் ஏறிக் கடைக்குப் போவாளாடி? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள அண்ணன் படம் பாக்கணும்."

அண்ணன் குவைத்தில் இருந்தான். என் கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் கேம்பிலிருந்து வேனில் டவுனுக்கு வருவான், அங்கேதான் நெட். அடுத்த வாரம் அவனைப் பாலைவனத்துக்குள் வேறு சைட்டுக்கு மாற்றுகிறார்கள், அங்கே எதுவும் கிடையாது. இந்த வெள்ளியை விட்டால் எப்போது பார்ப்பானோ. போனில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மாவ நல்லாப் பாக்கணும் பாப்பா. ரெண்டு வருசம் ஆச்சு."

படங்களோ ஒவ்வொன்றும் மலை மாதிரி. போட்டோகிராபர் அப்போதுதான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். அந்தப் படத்தை அப்படியே ஏற்றினால், ஒன்று திறப்பதற்குள் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எல்லாவற்றையும் சின்னதாக்கி, ஓசியில் கிடைத்த ஒரு ஆல்பம் வெப்சைட்டில் போடுவதுதான் திட்டம். போட்டோஷாப்பில் ஒரு படத்தைச் சின்னதாக்கும் வேலையை ரெக்கார்டு பண்ணி வைத்துக்கொண்டால், ஃபோல்டரில் இருக்கிற அத்தனை படத்தையும் அதுவே சின்னதாக்கிக்கொண்டு போகும். எனக்கு அது தண்ணிபட்ட பாடு.

கூடவே வந்திருந்தார் வீட்டுக்காரர். அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலை ஆபீஸில் வேலை. புது மாப்பிள்ளை முறுக்கு வேறு.

"நானும் ஏதாவது செய்யறனே?"

சரி, ஆசையாகக் கேட்கிறாரே என்று இரண்டாவது ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு, கடைக்கார அக்காவோடு பேசப் போனேன். எங்கள் வீட்டு ஆட்கள் நிற்கிற படமெல்லாம் அந்த ஃபோல்டரில்தான்.

போட்டோஷாப்பில் படத்தின் அளவை அடிக்கிற பெட்டியில் ஒரு டிக் இருக்கும். அது இருந்தால் அகலத்தைக் குறைக்கும்போது உயரமும் அளவாகத் தானே குறையும். மனுஷர் அதை எடுத்துவிட்டு, நின்ற படம், படுத்த படம் என்று பார்க்காமல் அத்தனைக்கும் நின்ற படத்தின் அகலத்தையும் உயரத்தையுமே அடித்துவிட்டார். ஏனாம்? "எல்லாம் ஒரே சைஸ்ல இருந்தாத்தானே அடுக்க அழகு?" சிமெண்ட் மூட்டையா அது!

இது எனக்கு அப்போது தெரியாது. அப்லோடு முடியவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஏறிவிட்டது என்ற நிம்மதியில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை போன் அடித்தது. எடுத்ததும் அண்ணன் அழுதான்.

"அம்மாவுக்கு என்ன சீக்கு? மறைக்காம சொல்லு பாப்பா. எலும்பும் தோலுமா நிக்கிது. நான் வேலைய வுட்டுட்டு வரேன்."

அம்மா போனைப் பிடுங்கினார். "நான் நல்லாத்தான்டா இருக்கேன்! காலையில ஆறு இட்லி தின்னேன்!" அவன் நம்பவேயில்லை. சொன்னபடி செய்கிற ஆள் வேறு. அம்மாவிடமிருந்து போனைத் திரும்ப வாங்கினேன்.

"அண்ணே... அப்பா எப்படி இருக்காரு படத்துல?"

"அவரும் இளைச்சுத்தான்..."

"பெரியப்பா?"

எங்கள் பெரியப்பா வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. "அவரும் ஒல்லியாத்தான் இருக்காரு..." என்று இழுத்தான்.

திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேன் எத்தனை மணிக்கு? அதுக்குள்ள வேற படம் வரும். டவுன விட்டுப் போயிடாத!"

வெள்ளிக்கிழமை என்பதால் சிறுவாச்சூர் கோயில் கூட்டம் பஸ்ஸில் பிதுங்கியது. பட்டுப்புடவையோடு படியில் தொற்றினேன். பின்னாலேயே அவரும் தொற்றினார். கடையில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். டிக் போட்டேன், ஓடவிட்டேன், ஒவ்வொரு படத்தையும் திறந்து முகம் பார்த்தேன். லைன் கட்டானது, மறுபடி போட்டேன். திரும்பவும் கட்டானது, திரும்பவும் போட்டேன். "நாளைக்குப் பாத்துக்கக் கூடாதா?" என்ற அக்காவுக்குப் பதில் சொல்லக்கூட நேரமில்லை. கடைசிப் படம் ஏறுகிற வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கடை நம்பருக்கே அண்ணன் கூப்பிட்டான்.

"பெரியப்பா பெரியப்பாவா ஆயிட்டாரு," என்று சிரித்தான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஆனா பாப்பா... இதுலயும் அம்மா இளைச்சுத்தான் போயிருக்கு. கழுத்து எலும்பு தெரியிது பாரு."

ஸ்கிரீனைப் பார்த்தேன். தெரிந்தது... தினமும் பக்கத்திலேயே இருந்த எங்கள் கண்ணுக்குப் படவில்லை, அத்தனை தூரத்தில் இருந்தவனுக்குப் பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவன் காண்ட்ராக்டை நீட்டவில்லை. முடிந்த கையோடு ஊருக்கு வந்துவிட்டான். நாங்கள் எத்தனை கூப்பிட்டும் வராத அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவன்தான். சர்க்கரையாம். நல்லவேளை, முற்றவில்லை.

இப்போது என் மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கண் மூடித் திறப்பதற்குள் படம் படமாக வந்து விழுகிறது. ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம், சைஸைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. அவள் அப்பா டிக்கைத் தொடவும் வழியில்லை!

அன்றைக்குப் படத்தைச் சின்னதாக்க அத்தனை பாடுபட்டேன். இன்றைக்கு அவள் அனுப்புகிற ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறேன். டிரெஸ்ஸையோ பின்னால் தெரியும் கடலையோ நான் பார்ப்பதில்லை... முதலில் அவள் கழுத்து எலும்பைத்தான் பார்க்கிறேன்.