பெயர் பொறித்த மதிலும் என் பேத்தியின் கன்னமும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், மாரி மழை சற்றே விட்டிருந்த ஒரு காலைப்பொழுதில், வடமராட்சியில் எங்கள் ஊர்ப் பாடசாலையின் முன்வீதியில் இது நிகழ்ந்தது. இதை ஒரு முதியவனின் புலம்பல் என்று எவரும் ஒதுக்கவேண்டாம். கோபத்தினால் எழுதுகின்றேன்.

அந்த வீதி முன்னர் குன்றும் குழியுமான, செம்மண் சரளை பரப்பிய கிறவல் வீதி. வாகனங்கள் ஊர்ந்தே சென்றன. பாடசாலை வேலிக்கு வெளியே, எல்லைக்கல்வரை, புல் முளைத்த மண்கரை ஒன்று இருந்தது; பிள்ளைகள் அதில் நடப்பார்கள். பின்னர் தார்க்கலவை பரப்பி வழுவழுப்பாகக் காப்பெட் போட்டார்கள். மணல் ஏற்றும் டிப்பர் லொறிகள் பறக்கத் தொடங்கின. அதே காலத்தில் வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள், வேலியை அகற்றி மதில் கட்டுவதற்கு உதவினார்கள். நல்ல மனத்துடனேயே உதவினார்கள். தூணுக்குத் தூண் ஒருவருடைய பங்கு; ஒவ்வொரு பங்கிலும் அவருடைய பெயர், பளிங்குக் கல்லின்மேல் எழும்பி நிற்கும் பித்தளை எழுத்துகளில்.

எல்லையில் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுக்காத குணம் எங்கள் ஊருக்கு உண்டு. மதில் கட்டும் பொறுப்பை ஏற்ற ஊர்க்காரரான மதிற்குழுவினரும் அவ்வாறே எல்லைக்கல்லின் மேலேயே அத்திவாரம் வெட்டினார்கள். மண்கரை முழுவதும் மதிலுக்குள் போயிற்று. மதில் காப்பெட்டின் விளிம்பில் வந்து நின்றது. பிள்ளைகள் இனி எங்கே நடப்பார்கள் என்று ஒருவராவது கேட்கவில்லை. கேட்கவேண்டிய வீதி அலுவலகத்தாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று காலை என் மகளின் மகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றேன். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. “அம்மப்பா, கையை இறுக்காதேங்கோ, நோகுது,” என்று சிணுங்கியபடியே வந்தாள். எதிரே பேருந்து ஒன்று வந்தது. அதே கணத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு டிப்பர், முன்னே சென்ற ஓட்டோவை முந்துவதற்காக ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து, இடமில்லாமல் மதிற்பக்கம் ஒடித்தது. ஒதுங்குவதற்கு ஒரு சாண் நிலமும் இல்லை. பிள்ளையை மதிலோடு அழுத்தி, என் உடம்பால் மூடிக்கொண்டேன். என் குடையைப் பறித்துக்கொண்டு டிப்பர் போய்விட்டது. நிற்கவும் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது பிள்ளையின் கன்னத்தில் இரத்தம் வழிந்தது. டிப்பர் அவளைத் தொடவில்லை. நான் அழுத்திய வேகத்தில் அந்தப் பித்தளை எழுத்துகள் அவள் கன்னத்தைக் கிழித்திருந்தன.

அன்று மாலையே மதிற்குழுவினரிடம் சென்று, மதிலை நாலடி உள்ளே தள்ளிக் கட்டும்படி கேட்டேன்.

“பிள்ளை தப்பிட்டுதுதானே அண்ணை, பிறகென்ன?” என்றார் தலைவர்.

“அடுத்த பிள்ளை தப்புமோ?”

“உங்களுக்கென்ன விசரே? கனடாவிலையும் லண்டனிலையும் இருக்கிறவைக்கு நாங்கள் என்ன மறுமொழி சொல்லுறது? உங்கடை பேரை இடிச்சுப் போட்டம் எண்டோ?”

பின்னாலிருந்து ஒருவர், “அண்ணை பேப்பர் வாசிச்சு வாசிச்சே இஞ்சினியர் ஆகிட்டார்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஐந்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவன். மிகுதியைப் பத்திரிகைகளிலேதான் படித்தேன். அவர்களுடைய சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு, மறுநாள் வீதி அலுவலகத்திற்கு நடந்தேன். பலமுறை நடந்தபின் அலுவலகத்தார் வீதியைக் கடப்பதற்கு ஒரு மஞ்சள் கடவை வரைந்து தந்தார்கள். அதன் ஒரு முனை தேநீர்க்கடை வாசலில் இருந்தது. மறுமுனை மதிலில் முட்டி நின்றது! வீதியைப் பத்திரமாகக் கடந்த பிள்ளை, மதிலைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டு, வாயில்வரை மறுபடியும் டிப்பர்களுக்கு நடுவே நடக்கவேண்டும். அதை வரைந்தவர் ஒரு தடவையாவது அதன்மேல் நடந்து பார்த்திருப்பாரா?

மறு ஆண்டு கோயில் திருவிழாவிற்கு வெளிநாட்டிலிருந்து பலர் வந்தார்கள். அவர்களுள் நடுத்தர வயதினர் ஒருவர், மதிலில் தன் பெயருக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெயரைப் பார்த்தேன். என் பேத்தியைக் கிழித்த அதே எழுத்துகள். அடக்கி வைத்திருந்த யாவும் வாயில் வந்துவிட்டன.

“தம்பி, உந்தப் பேரிலை என்ரை பேத்தியின்ரை ரத்தம் கிடந்தது. வடிவாய்ப் படம் எடும்.”

அவர் திடுக்கிட்டார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, கைத்தொலைபேசியை மெல்லச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இதை இடித்தால் நீங்கள் கோபிப்பீர்கள் என்று குழுவினர் அஞ்சுகிறார்கள் என்றேன்.

“என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே, ஐயா,” என்றார்.

திருவிழா முடியுமுன்னரே அவர் அழைத்த மேசன்மார் வந்துவிட்டார்கள். தலைவர் ஓடிவந்து தடுத்தார். “நான் என்ரை பங்கைத்தானே இடிக்கிறன். உங்களுக்கேன் நோகுது?” என்றார் படம் எடுத்தவர். அந்த ஒரு பங்கு மட்டும் நாலடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பயணமானார்.

பணம் தந்த மற்றவர்களைக் கேட்டு முடிவெடுப்போம் என்று குழுவினர் இன்றும் சொல்கிறார்கள். ஒருவரையும் கேட்கவில்லை. டிப்பரின் ஹோர்ன் ஒலித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து அந்த ஒதுக்கிடத்தில் நெருங்கி நிற்கிறார்கள். கன்னத்தில் தழும்புடன் என் பேத்தியும் நிற்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் போதவில்லை. அவ்வழியே செல்லுந்தோறும், பெயரில்லாத அந்தப் பங்கின் முன்னால் மட்டும் என் தலை தானாகத் தாழ்கின்றது. பளபளக்கும் மற்றப் பெயர்களுக்குக் காவல் நிற்பவர்கள்மீது நான் கொண்ட கோபமோ, கடைசிப் பிள்ளைக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும்வரை ஆறப்போவதில்லை.