பஸ் முதுகில் ஓர் அமெரிக்க வண்டி

கொங்குத் தமிழின் மரியாதையை யாராவது சிலாகித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மரியாதை எங்கள் சேரியிலிருந்து மேல்சாதிக்காரர்களுக்குப் போனதே தவிர, ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பீளமேட்டில் போர்டு எழுதிப் பிழைத்தேன். நிலபுலன் உள்ள பண்ணாடி ஒருவர் சூலூருக்குப் புது பஸ் விட இருந்தார். அதன் பின்பக்கத்தில் படம் வரைய என்னைக் கூப்பிட்டு, ஒரு அமெரிக்கக் காலண்டரைத் தரையில் வீசினார். பெரிய மலை, அதைவிடப் பெரிய வானம், அடியில் நாலு குதிரை பூட்டிய பயணிகள் வண்டி. உள்ளே இடமில்லாமல் கூரைமேலும் வெள்ளைக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இதையே அச்சா வரையோணும்டா."

"சரிங்க பண்ணாடி."

பத்து நாள் அந்தத் தகரத்தில் கையை ஊன்றி வரைந்தேன். முடிந்ததும், நான் தொட்ட தீட்டுப் போக பஸ் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். படம் மட்டும் பிரமாதமாம்.

மறுநாள் டிக்கெட்டுக்குக் காசோடு ஏறினேன். "எறங்குடா" என்று கண்டக்டர், கை படாமல், தோல்பையால் என் நெஞ்சில் தள்ளினான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

புழுதியைத் தின்றுகொண்டு நின்றேன். பஸ் போகப் போக என் படம்தான் தெரிந்தது. காலண்டரில் கூரைமேல் ஐந்து பேர். நான் வரைந்தது ஆறு. ஆறாவது ஆள் கறுப்பு. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எண்ணெய் பெயின்ட், மஞ்சள் தண்ணீருக்கெல்லாம் அசையமாட்டான்.

அவனை இறக்கிவிடட்டும் பார்க்கலாம்.