நாற்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள்

பவுனம்மாள் டீச்சர் மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போனது 1981 ஜூலை 3, வெள்ளிக்கிழமை. விருந்து இல்லை, மாலை இல்லை. ஐந்தாம் வகுப்பின் நாற்பத்திரண்டு ரிப்போர்ட் புத்தகங்களையும் தலைமையாசிரியர் மேசையில் அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். தம் ஹோண்டா மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒரு சீனிச் சாக்கைக் கட்டினார்.

"சாக்குல என்ன டீச்சர், அரிசியா?" என்று காவலாளி கேட்டார்.

"பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

சாக்கில் இருந்தவை காலித் தீப்பெட்டிகள். கோப்பிக்கடை கோப்பிக்கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தவை.

துறைமுகத்து ரயில்வே தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர் டீச்சர். தண்டவாளத்தில் சம்மட்டி அடித்த தகப்பனுக்கு நான்காவது பெண். ஆசிரியர் வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் சேலை எடுக்காமல் ஹோண்டாவுக்கு முன்பணம் கட்டினார். பொம்பளை மோட்டார் ஓட்டுவதா என்று கேட்ட அத்தையை அதே வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டார்.

அவர் வகுப்பு ஓயாமல் சத்தம் போடும். உட்கார முடியாத பிள்ளைகள் நடந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லலாம். வாசு மேசையில் தாளம் தட்டித்தான் எழுத்துக்கூட்டுவான்; அவனைத் தட்டவிட்டார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து சத்தம் என்று முறையிட்டால், "உங்க வகுப்பு ஏன் சார் இவ்ளோ அமைதி? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்பார்.

ஒருநாள் தீப்பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, மொத்தம் எத்தனை என்று கேட்டார். எப்போதும் முதலாவதாக வரும் நான் எழுந்து, இருபத்து நான்கு என்றேன். கண்ணுக்குத் தெரிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணியிருந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து சீதாலெட்சுமி, "முப்பத்தாறு டீச்சர்" என்றாள்.

"எப்படிடி?"

"கப்பலடியில கன்டேனர் அடுக்குற மாதிரிதான டீச்சர். உள்ள இருக்கறது வெளிய தெரியாது. அதுக்காக இல்லாம போயிடுமா?"

சீதாலெட்சுமிக்குப் படிக்க வராது. எழுத்துகள் அவள் கண்ணுக்கு இடம் மாறி மாறித் தெரியும். சொல்லிக் கொடுத்தால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். தாளை நீட்டினால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். மூன்று தேர்வுகளில் தொடர்ந்து கடைசி. அவள் அம்மா இராஜம்மா துறைமுகத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தார். மே மாதத் தேர்வுக்கு முன் அவரே பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், கொட்டகையில எனக்கு ஒரு கை கொறையுது. இந்தத் தடவையும் இது கடைசின்னா நிறுத்திடறேன். சும்மா பெஞ்சத் தேய்ச்சு என்னா ஆவப்போகுது?"

ரிப்போர்ட் புத்தகத்தில் மதிப்பெண்களுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் உண்டு. நாற்பத்திரண்டு பேரில் எத்தனையாவது இடம் என்று அதில் எழுதுவார்கள். அந்த மே மாதத் தேர்வுக்கு டீச்சர் மதிப்பெண்களையெல்லாம் போட்டார்; கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். ஒருத்திக்கு மட்டும் அல்ல, நாற்பத்திரண்டு பேருக்கும்.

கடைசிப் பிள்ளையின் வீட்டில் யாரும் முறையிடவில்லை. முறையிட்டவர் முதல் பிள்ளையின் அப்பா. துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த தம்புசாமி, என் அப்பா. என்னையும் இழுத்துக்கொண்டுதான் தலைமையாசிரியர் ஜெயராஜின் அறைக்குப் போனார்.

"என் பிள்ள ஃபர்ஸ்ட்டு வந்திருக்கு சார். நம்பர் போடாட்டி அது எப்படி ஃபர்ஸ்ட்டு?"

"மார்க்கெல்லாம் இருக்கேண்ணே" என்றார் டீச்சர்.

"மார்க்கு வேற, நம்பர் வேற லா டீச்சர். நம்பர் இருந்தாதான் மத்தவன் எங்க நிக்கிறான்னு தெரியும்."

"அதத் தெரிஞ்சிக்கவா பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறீங்க?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நம்பர் வேண்டியிருந்தது.

ஜெயராஜ் சார் கெட்டவர் அல்ல. பேனாவின் மூடியைத் தாமே கழற்றி நீட்டினார். "போட்டுடுங்க டீச்சர். அஞ்சு நிமிஷ வேல."

"எனக்கு அஞ்சு நிமிஷம் சார். நாப்பத்திரெண்டுன்னு வாங்கற பிள்ளைக்கு எத்தன வருஷம்?"

பிறகு ஆறு வாரம் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறைக்கும் எங்கள் வகுப்புக்கும் போய்ப் போய் வந்தன. கடைசியில் டீச்சருக்குத் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊருக்கு மாற்றல் கடிதம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் புத்தகங்களைத் திறந்து பார்த்தபோது நாற்பத்திரண்டு கட்டங்களும் கறுப்பு மையால் அடைக்கப்பட்டிருந்தன. எழுத இடமே இல்லை.

ஜெயராஜ் சார் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் நம்பரை எழுதினார். என்னுடையதில் ஒன்று. அப்பா அதைக் கோப்பிக்கடைவரை கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த திங்கட்கிழமை சீதாலெட்சுமியின் இடம் காலியாக இருந்தது. கொட்டகைக்குப் போய்விட்டாள் என்றார்கள். டீச்சர் தோற்றுவிட்டார் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

பதினெட்டு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பினேன். ஊர் ஊராகச் சுற்றி ஏழு ஆண்டுகள் கழித்து, 1995இல் திரும்பினேன். போன இடங்களில் ஒன்று டொரோண்டோ. அங்கே ஒரு பள்ளியில் உதவியாளாக இருந்தேன். அறிவு ஒன்றல்ல, ஏழு வகை என்று அந்தப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: சொல், கணக்கு, இடம், உடல், இசை, பிறரை அறிவது, தன்னை அறிவது. எனக்குத் தீப்பெட்டிகள் நினைவுக்கு வந்தன. ஊர் வந்ததும் தெலுக் பங்லிமா காராங்குக்குப் பஸ் ஏறினேன். டீச்சர் அதே பள்ளியில்தான் இருந்தார். தலை நரைத்திருந்தது, சாக்கு இரண்டாகியிருந்தது.

"டீச்சர், நீங்க அன்னிக்குச் செஞ்சத இப்ப பெரிய பெரிய ஆளுங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. அறிவு ஏழு வகையாம்."

"ஏழா? யாரும்மா எண்ணுனது?"

நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மனசோடதான் சொல்லியிருக்காங்க. ஆனா நம்மாளுங்க கையில குடுத்துப் பாரு. ஏழுக்கும் ஏழு கட்டம் போடுவாங்க. ஏழுலயும் கடைசி யாருன்னு கேப்பாங்க." டீ கிளாஸை என் பக்கம் தள்ளினார். "அது இருக்கட்டும். அந்த ஒன்னாம் நம்பர என்னாடி பண்ணின?"

"அப்பா பெட்டியில இருக்கு டீச்சர்."

"பத்திரமா வச்சிக்கோ. எறும்பு கிறும்பு ஏறப்போகுது."

அடுத்த ஆண்டு, 1996 ஜூனில், டீச்சர் போன் செய்து உடனே வரச் சொன்னார். பள்ளி முகவரிக்கு ஓர் உறை வந்திருந்தது. முகவரி யாரோ எழுதிக் கொடுத்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு கேசட் இருந்தது. கேன்டீன் ரேடியோவில் போட்டோம். முதலில் லோரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், பிறகு ஒரு பெண் குரல்.

"டீச்சர், நான் சீதாலெட்சுமி. எனக்கு எழுத வராதுன்னு உங்களுக்குத் தெரியும், அதான் பேசறேன். போர்ட்ல கோடவுன் வேல. கன்டேனர்ல எத்தன பெட்டி புடிக்கும்னு சூப்பர்வைசரே என்னதான் கேப்பான். அது கெடக்கட்டும். எம் மக ஒன்னாம் வகுப்பு. ரிப்போர்ட் புக்கு வந்திச்சு, முப்பத்தெட்டு பேர்ல முப்பத்தாறாவதுன்னு போட்டு. நான் கையெழுத்து போடல. ஏன்னு கேட்டாங்க. என் பழைய புக்க கொண்டுபோய்க் காட்டினேன். இந்த மாதிரி கட்டத்தக் கறுப்பாக்கிக் குடுங்க, அப்புறம் போடறேன்னு சொல்லிட்டேன். மூணு வாரம் ஆச்சு டீச்சர். அவங்களும் ஆக்கல. நானும் போடல."