உப்புப் போட்டேனா?

என் பெண்ணுக்கு முதல் கரு தங்கவில்லை. இப்போது ஏழு மாதம். தாம்பரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் காஞ்சிபுரத்துக்கு அழைத்து வரவும் வழியில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் என் கையால் வெண்பொங்கல் செய்து தெருக்கோடி ஈஸ்வரன் கோயிலில் படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என்னால் முடிந்தது அதுதான்.

அவளுக்கு எப்போது என்ன ஆகுமோ என்று போனைச் சத்தமாக வைத்துச் சமையல்கட்டிலேயே வைத்திருந்தேன். அது சும்மா இருப்பதில்லை. அரிசி களையும்போது 'டிங்' என்று ஒன்று. சாமிக்குச் செய்கிற கை போனைத் தொட்டுவிட்டு அப்படியே பாத்திரத்தைத் தொடக் கூடாது. கையைத் துடைத்து, பார்த்து, மறுபடி கழுவ வேண்டும். பார்த்தால் ரீசார்ஜ் முடியப்போகிறதாம். மிளகு பொரியும்போது இன்னொன்று. லோன் வேண்டுமா என்று யாரோ கேட்கிறார்கள். தெரு குரூப்பில் ஒருவர் பழைய ஃபேன் விற்கிறார். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கும்பிட்ட கை போடுகிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள்தானோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். கழுவிக் கழுவி விரல் ஊறிப்போகிறது.

சென்ற மாதம் ஒரு பிரதோஷத்தன்று, அடுப்பை அணைத்து நெய் ஊற்றியபோதுதான் உறைத்தது. உப்புப் போட்டேனா? உப்பு ஜாடி திறந்திருந்தது. ஸ்பூன் வெளியே கிடந்தது. போடப் போனபோது போன் அடித்ததா, போட்ட பிறகு அடித்ததா, நினைவில்லை. படைக்கப்போவதை வாயில் வைத்துப் பார்க்க முடியாது. நாங்கள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டோம்.

பக்கத்து அறையில் நெய்துகொண்டிருந்த வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான் தறியில குந்திக்கினு இருக்கிறேன். உன் குண்டானை எங்கமா பாத்தேன்? சாமியையே கேளு" என்றார்.

இன்னொரு தடவை போட்டு, உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது. உப்பில்லாவிட்டாலும் பாதகமில்லை, அப்படியே ஏற்றுக்கொள்கிற பெருமாள்கூட இருக்கிறாராம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு தூக்கிப்போனேன்.

தீபாராதனை ஆனதும் தொன்னையில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தேன். வாசலில் பூக்கட்டுகிற அம்மாள் ஒரு வாய் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சாமிக்கு பிரஷரா? உப்பே காணோம்."

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணுக்கென்று செய்ததில் இப்படியொரு குறை வைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. தெரிந்து செய்யவில்லை என்று ஈஸ்வரனிடம் சொன்னேன். அவருக்குத் தெரியும். எனக்குத்தான் ஆறவில்லை.

அடுத்த பிரதோஷத்துக்கு நான் அடுப்பு மூட்டும்போது வீட்டுக்காரர் தானாகவே வந்து போனை எடுத்துக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்மா. பாப்பா கூப்ட்டா நான் சொல்றேன். நீ உன் வேலையைப் பாரு."

இப்போது சமையல்கட்டில் போன் இல்லை. ஆனால் தறிச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கிறது. ஏதாவது வந்தால் அது நின்றுவிடும். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படிக்கிற நேரம் அது. கரண்டியைப் பிடித்தபடி நானும் நிற்கிறேன். மறுபடி தறி ஓடினால், பெண் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு கிண்டத் தொடங்குகிறேன்.