பின்னுக்கு இழுத்த நாற்காலி

கோயமுத்தூரிலிருந்து போய்க் கடற்கரையில் நான் வாங்கிய மனைக்குப் பக்கத்து மனை அவருடையது. சோமனூரில் தறி ஓட்டுகிறவர், தோட்டமும் உண்டு. என்னைவிட ஒல்லி, அதிலும் எனக்குப் பொறாமைதான். எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நான் அலையை ஒட்டியே விடுதி கட்டினேன். அவர் கடற்கரைச் சட்டம் சொன்ன தூரம் தள்ளிக் கட்டினார்.

“ஏனுங்க, முன்னால இருக்கற எடத்தச் சும்மா உட்டுப்போட்டீங்களே?” என்றேன்.

“தோட்டத்துல வாய்க்காலுக்கு எடம் உட்டுத்தானுங்க வரப்புப் போடறோம். கடலுக்கும் உடோணுமுங்க” என்றார்.

என் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட்டார்கள். என் சொந்தக்காரர்களே இப்போது அவர் விடுதியில்தான் தங்குகிறார்கள்.

போன மாதம் நானும் போனேன். கடல் தெரிகிற இடத்தை எனக்கு விட்டு, தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காற்று குளுகுளுவென்றுதான் வீசியது. எனக்கு வயிறெரிந்தது.