தொட்டிக்கு இடப்பக்கம்

வீடு மாறிய ஐந்தாம் நாள். அலுவலகம் முடிந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, ஜன்னல் கம்பியில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, "ஏட்டி, தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தபடி நாற்காலியில் சாய்ந்தேன். தண்ணீர் வந்தது. கொண்டுவந்தது என் மனைவி இல்லை.

செம்போடு நின்ற அந்தப் பெண் பயப்படவில்லை. புகுந்த வீட்டுச் சொந்தம் யாரோ என்று நினைத்திருப்பார் போல. "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். யாருடையதோ கல்யாண போட்டோ. ஒன்பது வருடம் குடியிருந்து காலி செய்த பழைய வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு அவர் கணவர் வந்தார். டவுன் பஸ் கண்டக்டர். நான் உளறியதை முழுக்கக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க இறங்குத ஸ்டாப் இது இல்ல. அடுத்தது."

பாளையங்கோட்டையில் எங்கள் பகுதியில் உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதற்கு இடப்பக்கம் திரும்பினால் பழைய வீடு, வலப்பக்கம் புதியது. ஜங்ஷனில் அலுவலக வாசலில் வண்டியை எடுப்பது எனக்கு நினைவிருக்கும். நடுவில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருப்பேன். ஆனால் தாமிரபரணியில் தண்ணீர் ஓடியதா என்று கேட்டால் முழிப்பேன்.

என் மனைவி பள்ளியில் உயிரியல் டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பாடம் எடுத்தாள்.

"புதுசா ஒண்ணு படிக்கையில மூளை முழிச்சிருந்து வேலை பாக்கும். அதையே நூறு தடவ செஞ்சா, அடியில இருக்குத ஒரு பகுதிகிட்ட வேலையத் தள்ளிட்டு ஓய்வெடுத்துக்கிடும். அந்த அடிப்பகுதிக்கு வீடு மாறுனது தெரியாது. தொட்டியக் கண்டா இடப்பக்கம், அவ்வளவுதான்."

"அதுகிட்ட யாராவது சொல்லக்கூடாதா?"

"சொன்னாக் கேக்காது. உங்கள மாதிரி."

அடுத்த வாரம் இன்னும் இரண்டு முறை போனேன். மூன்றாம் தடவை அந்த வீட்டம்மா ஒன்றும் கேட்காமல் காப்பியே கொண்டுவந்துவிட்டார். கண்டக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். "வெக்கப்படாதீய அண்ணாச்சி. என் மச்சினன் கல்யாணத்துல பந்திக்கு வாசல்ல நெருக்கியடிச்சு நிக்காவ. நான் என்னையறியாம, 'உள்ள போங்க, படியில நிக்காதீய'ன்னு கத்திட்டேன். மாமனார் இன்னும் எங்கிட்டப் பேச மாட்டேங்காரு."

காப்பி வரை போனதும் என் மனைவி பொறுமையிழந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். "பழசை அழிக்க முடியாது. அதே தொட்டிக்கு வேற வேலை குடுக்கணும்" என்றாள். தொட்டி தெரிந்ததும் நான் "வலது" என்று வாய்விட்டுச் சொல்லி இண்டிகேட்டர் போட வேண்டும். சரியாகத் திரும்பிய அதே நொடியில் பின்னாலிருந்து ஒரு துண்டு மிட்டாய் என் வாய்க்கு வரும். தாமதித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தது என்று மூளைக்குப் புரியாதாம்.

எட்டாவது சுற்றில், தெருமுனையில் துணி தேய்ப்பவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சார், லைசென்சு எடுக்கவா?"

"இல்ல அண்ணாச்சி, வீட்டுக்குப் போகப் படிக்காவ" என்றாள் என் மனைவி.

டூட்டிக்குக் கிளம்பிய கண்டக்டரும் நின்று பார்த்தார். "இதுல என்ன கஷ்டம்? நாங்க நாளெல்லாம் சொல்லுததுதான. தொட்டி வந்தா, 'ரைட்!' அவ்வளவுதான்" என்று கையை வீசிக் காட்டினார். அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து மாலைதோறும் ஆளில்லாத பஸ்ஸின் கண்டக்டர் போல, "ரைட்!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

ஒரே நாளில் திருந்திவிடவில்லை. அதிகாரியோடு வாக்குவாதம் நடந்த அன்றும், மழைக்குப் பயந்து விரட்டி வந்த அன்றும் வண்டி இடப்பக்கமே போனது. எல்லாம் வீண் என்று நொந்துகொண்டேன். "ஒரு நாள் தவறுனா கெட்டா போச்சு? நாளைக்குச் சரியாத் திரும்புங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஒரு மாலை எங்கள் வாசலில் இறங்கிய பிறகுதான், நான் "ரைட்" சொல்லவே இல்லை என்று உறைத்தது. கைதட்டத்தான் ஆளில்லை.

கண்டக்டர் தன் வீட்டில் வைத்திருந்த மகளின் காதுகுத்துக்கு எங்களை அழைத்திருந்தார். பட்டுப்புடவையும் வெள்ளிக் கொலுசுப் பெட்டியுமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடைவீதியிலிருந்து கிளம்பினோம். வழியெல்லாம் என் மனைவியின் பள்ளிக்கூடக் கதை. வண்டி நின்றதும் இறங்கி, கைப்பையில் சாவியைத் துழாவி, கதவையும் திறந்துவிட்டாள். பிறகு தன் புடவையைப் பார்த்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"நீ டீச்சர்தான?" என்றேன்.

"பேசாம வண்டிய எடுங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காது குத்தி, அழுது, பிள்ளை தூங்கியே போயிருந்தது. "கடைசி பஸ்ஸப் புடிச்சு வந்தீயளோ?" என்றபடி கண்டக்டர் எங்கள் இருவருக்கும் இலை போட்டார். நடந்ததைச் சொன்னேன். இந்த முறை அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொதி வாளி ஆட, இலையில் பாதியும் என் சட்டையில் பாதியுமாகப் பரிமாறினார்.