சூடத்தை அணைத்த சிலிண்டர்

14-11-1983. அலுமினியத் தகடு. ரூ. 38,400.
2-12-1983. ஆர்கான் சிலிண்டர். ரூ. 610.
3-12-1983. அதைத் திருப்பி அனுப்பிய வண்டி வாடகை. ரூ. 40.
19-12-1983. ஆர்கான் சிலிண்டர், இரண்டாம் முறை. ரூ. 610.
20-12-1983. மறுபடியும் வண்டி வாடகை. ரூ. 40.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டிய சென்னியப்பனிடம் நான் கணக்கு எழுதினேன். 1971இல் தொடங்கி 412 பாடிகள் கட்டினார். எல்லாம் மரமும் இரும்பும். ஒவ்வொன்றுக்கும் தன் கையால் சூடம் காட்டுவார். அதனால் ஒரு லாரிகூடக் கவிழ்ந்ததில்லை என்பார். கவிழ்ந்த ஒன்பதின் எண்களும் என்னிடம் உள்ளன.

1983 நவம்பரில் ஒரு பால் பண்ணை அவரிடம் அலுமினிய டேங்கர் ஒன்று கேட்டது. ஜனவரி 31க்குள் ஒப்படைத்தால் இன்னும் ஆறு டேங்கர்கள் அவருக்கே. அந்த ஆறை நம்பிப் பக்கத்து இடத்துக்கு விலை பேசி, "இனிமேல் மரத்தைத் தொடறதில்லைங்க" என்று ஆசாரிகளையும் அனுப்பிவிட்டார். முன்யோசனைக்காரர்.

அலுமினியத்தை வெல்டிங் செய்ய ஆர்கான் வாயு வேண்டும். முதல் சிலிண்டர் வந்ததும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கினார். வெளியே இருக்கும் இரும்பை மட்டும் கும்பிட்டால் போதுமா, உள்ளே இருப்பதைக் கும்பிட வேண்டாமா? வால்வைத் திறந்து, அதன் வாய்க்கு நேரே சூடத்தட்டை நீட்டினார். பொசுக்கென்று அணைந்தது.

"சாமியே வேண்டாங்குதுங்க. ஏத்துங்க வண்டியில."

இரண்டாவது சிலிண்டருக்கும் அதே மரியாதை, அதே முடிவு. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கம்பெனிக்கு எழுதுங்க. வாசமில்லை, நிறமில்லை, பத்தவும் மாட்டேங்குது. வெறும் சிலிண்டருக்கா காசுன்னு கேளுங்க."

ஜனவரி 5இல் பதில் வந்தது. பொறுமைசாலி ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் குறையாகச் சொன்ன மூன்றும்தான் அந்த வாயுவின் குணங்களாம். ஹீலியம், நியான், கிரிப்டான், செனான் என்று அந்தக் குடும்பமே அப்படியாம். அணுவின் வெளிச்சுற்றில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும். ஹீலியத்துக்கு இரண்டே போதும். கொடுக்கவும் வாங்கவும் எதுவும் இல்லாததால் எதனோடும் எளிதில் சேராது. ஒற்றை அணுவாகவே திரியும். செனான் போன்ற பெரிய அணு மட்டும் ஃபுளோரினிடம் மசிந்ததுண்டு. உருகிய அலுமினியத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்துக் கெடுக்காமல், ஒன்றுக்கும் உதவாத இந்த வாயு சுற்றி நின்று காக்கும்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் சிலரும் யாரோடும் சம்பந்தம் வைப்பதில்லை. ஆனால் அவர்களை வைத்து ஒரு டேங்கரைக்கூட வெல்டிங் செய்ய முடிந்ததில்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் சரிங்க. சூடத்தை அணைச்சதை எப்படிங்க பட்டறைக்குள்ள வெக்கறது?" என்றார் சென்னியப்பன். மேலும் இரண்டு வாரம் யோசித்தார்.

சோறு கொண்டுவந்த அவர் மனைவி சௌந்திரம்தான் வழி சொன்னாள். "ஏனுங்க, அதும்பட வாயை மூடிட்டுச் சூடம் காட்டுனா என்னவாம்? உங்களுக்கும் அதையேதான் இருவது வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்."

மூன்றாவது சிலிண்டர் ஜனவரி 21இல் வந்தது. வால்வு மூடியிருந்தது; சூடம் நின்று எரிந்தது. சென்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிப்ரவரி 24இல் டேங்கரில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாளே அனுப்பிவைத்தோம்.

"பார்த்தீங்களா, எல்லாம் சூடத்தோட மகிமை" என்றார். ஆறு டேங்கருக்கும் தகடு விலை விசாரிக்கச் சொன்னார், விசாரித்தேன்.

பால் பண்ணையிலிருந்து அதன் பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. வெல்டிங் வேலை அப்பழுக்கற்றது என்று முதல் பத்தியில் பாராட்டியிருந்தார்கள். மீதி ஆறையும், சொன்ன தேதியில் தரக்கூடிய வேறொரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டதாக இரண்டாம் பத்தியில் தெரிவித்திருந்தார்கள். கடிதம் வந்த தேதி 9-4-1984.